என் தொடை நரம்பு போட்ட கும்பிடு

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் நான் தனபாலனின் காலில் விழவில்லை. கண்டி கொழும்பு வீதியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் சேதுராமன், கலஹா தோட்டப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரின் காலில் விழுந்து கதறினான் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால், அதைக் கிளப்பிவிட்டவர் என் பக்கத்துத் துணிக்கடை மர்சூக்காகத்தான் இருக்க வேண்டும். அந்த மனிதர் துணி அளப்பதைவிட வாய் அளப்பதுதான் அதிகம். விழுந்தது என் வலது தொடை நரம்பு. அதற்குச் சாட்சி இருக்கிறது.

தனபாலன் என் ஒரே தங்கை அன்னலட்சுமியின் புருஷன். பத்து வருஷத்துக்கு முன்னால் அவள் அவனைத்தான் கட்டுவேன் என்று நின்றாள். நான் முடியாது என்றேன். ஏன் என்று கேட்டால் இப்போது சொல்லவே கூச்சமாக இருக்கிறது. நாங்கள் டவுன்காரர்கள், அவன் தேயிலைத் தோட்டத்துக் கூலி லயத்தில் பிறந்தவன். அவ்வளவுதான் காரணம். அதையும் வீட்டுக்குள் சொன்னேனா? இல்லை. அவன் மரியாதையாகப் பெண் கேட்டு வந்த அன்று, கடை வாசலில் நின்று, தெருவில் போகிறவன் வருகிறவனுக்கெல்லாம் கேட்கும்படி சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு போனான். கல்யாணத்துக்கு நான் போகவில்லை, என் மனைவி பரிமளத்தையும் விடவில்லை. பிள்ளை பிறந்தது, போகவில்லை. செத்துப்போன எங்கள் அம்மாவின் பெயரையே, ஞானேஸ்வரி என்று, அந்தப் பெண்பிள்ளைக்கு வைத்தாள் என்று கேள்விப்பட்டேன். அப்போதும் போகவில்லை. கல்நெஞ்சன் என்று பரிமளம் என்னைத் திட்டுவாள். வாஸ்தவம்தான்.

தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவது எங்கள் பழக்கம். மாமன்தான் கோபித்துக்கொண்டு கண்டியில் உட்கார்ந்திருக்கிறானே! ஒன்றுவிட்ட மாமன் ஒருவனைக் கூட்டி வருகிறோம் என்று தனபாலன் வீட்டார் சொல்லியிருக்கிறார்கள். அன்னம் கேட்கவில்லை. எங்கள் அண்ணன் மடியில் வைத்துத்தான் குத்துவேன், இல்லாவிட்டால் காது மூளியாகவே இருக்கட்டும் என்றுவிட்டாளாம். பிள்ளைக்கு ஆறு வயதாகியும் காதில் ஒரு பொட்டுத் தங்கம் இல்லை. அண்ணன் வேண்டாமென்று தலைமுழுகிய பெண் என்று சொந்தக்காரர்கள் அவளை ஜாடையாகக் குத்திக்கொண்டே இருந்தார்கள். கலஹாப் பக்கம் துணி வாடிக்கை வைத்திருக்கும் மர்சூக் இதையெல்லாம் என்னிடம் வந்து ஒப்பிப்பார். நான் காதில் விழாத மாதிரி அண்டாவைத் துடைத்துக்கொண்டிருப்பேன்.

சுனாமி வந்ததற்கு மறு வருஷம் என் கிட்னி இரண்டும் கைவிட்டன. வாரத்துக்கு மூன்று தடவை மெஷினில் படுத்து இரத்தம் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. வேறு கிட்னி வைக்காவிட்டால் தாங்காது என்றார்கள். பரிமளத்தின் இரத்தம் பொருந்தவில்லை. ஒருநாள் மெஷினில் படுத்திருக்கும்போது பக்கத்தில் யாரோ வந்து நின்றார்கள். பார்த்தால் அன்னலட்சுமி, கையில் ஒரு ஃபைலோடு. மர்சூக் போய்ச் சொல்லியிருக்கிறார். வேறு யார்?

“எல்லா டெஸ்ட்டும் எடுத்தாச்சுண்ணே. நல்லாப் பொருந்துதாம். நான் தாறேன்,” என்றாள்.

நான் சுவர்ப்பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

“மூஞ்சியத் திருப்பிக்கங்க, பரவால்ல. ஆனா புதுக் கிட்னிய முதுகுல வைக்க மாட்டாங்களாம், முன்னால அடிவயித்துலதான் வைப்பாங்களாம். அன்னைக்கு மட்டும் இந்தப் பக்கம் திரும்பிப் படுங்க.”

“ம்,” என்றேன். என் உயிரைக் காப்பாற்ற வந்தவளுக்கு நான் சொன்ன நன்றி அந்த ஒரு எழுத்துதான்.

ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. அன்னத்தின் கிட்னி என் வயிற்றுக்குள் வந்த கையோடு வேலையைத் தொடங்கிவிட்டது. என்னைப் போல முரண்டு பிடிக்கிற ஜாதி இல்லை அது.

மூன்றாம் நாள் காலை, கட்டிலை விட்டு எழும்பிக் கதிரையில் உட்கார வேண்டும், ஆள் வரும்வரை பொறுங்கள் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள். எனக்குப் பொறுக்கிற பழக்கம் கிடையாது. வலது தொடையின் முன்பக்கம் கட்டை மாதிரி மரத்துக் கிடந்தது. படுத்தே கிடந்ததால் அப்படி இருக்கும் என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்துத் தனபாலன் வந்தான். அடுத்த வார்டில் அன்னத்தைப் பார்த்துவிட்டு, முகத்தில் மாஸ்க்கும் மேலே ஆஸ்பத்திரி அங்கியுமாக உள்ளே வந்தான். அவனுக்குப் பின்னால், ஒருவருக்கு மேல் விடமாட்டார்கள் என்பதால், கண்ணாடிக் கதவில் மூக்கை அமுக்கிக்கொண்டு மர்சூக்.

பத்து வருஷத்துக்குப் பிறகு நேருக்கு நேர் பார்க்கிறோம். படுத்துக்கொண்டு அவனை அண்ணாந்து பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. எழுந்து நின்று, வந்த காரியம் என்ன என்கிற மாதிரி ஒரு பார்வை பார்க்க வேண்டும் என்று வீம்பு. எழுந்தேன். இடது கால் ஒழுங்காக நின்றது. வலது காலை ஒரு அடி எடுத்து வைத்து அதில் பாரத்தைப் போட்டேன். முழங்கால் மடங்கியது. பிடித்துக்கொள்ள ஒன்றும் அகப்படவில்லை. இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு போய் விழுந்து, கண்ணைத் திறந்து பார்த்தால் என் கைக்குள் தனபாலனின் இரண்டு பாதங்கள்!

“ஐயோ மச்சான்! என்னா இது! நீங்க பெரியவங்க, என் கால்ல போயி விழுறீங்களே!” என்று அவன் பதறினான். முதலில் என்னைத் தூக்குடா மடையா என்று சொல்ல வாயைத் திறந்தேன். தையல் வலியில் “ஆ... ஆ...” என்றுதான் வந்தது.

“அழாதீங்க மச்சான். பழசெல்லாம் நான் எப்பவோ மறந்துட்டேன்,” என்று சொல்லிவிட்டு அவனே அழ ஆரம்பித்தான். பக்கத்துக் கட்டில் நோயாளி கையெடுத்துக் கும்பிட்டார். நிமிர்ந்து பார்த்தேன். கண்ணாடிக் கதவில் மர்சூக்கைக் காணவில்லை. செய்தி புறப்பட்டுவிட்டது.

நர்ஸ் ஓடிவந்து எனக்குக் கொடுத்த ஏச்சை இங்கே எழுத முடியாது. ஸ்கேன் எடுத்துப் பார்த்து, கிட்னிக்கு ஒரு சேதமும் இல்லை என்றார்கள். பெரிய டொக்டர் வந்து காலைப் பார்த்துவிட்டுப் போனார். பிறகு பிசியோதெரபி செய்கிற கைரியா வந்தாள். திகனக்காரி. வயது முப்பது இருக்கும், வாய்க்கு அறுபது. சின்னச் சுத்தியலால் என் இடது முழங்காலுக்குக் கீழே தட்டினாள், கால் உதைத்தது. வலதில் தட்டினாள், அது பாட்டுக்குத் தொங்கியது.

“ஒப்பரேஷன்ல கிட்னிய வெக்க எடம் வேணுமே ஐயா. வெட்டின எடத்த விரிச்சுப் புடிக்கக் கொக்கி போடுவாங்க. அது தொடைக்குப் போற நரம்ப அமத்தீக்கிது. எப்பவாவது ஒராளுக்கு இப்பிடி நடக்கும். நரம்பு அறுந்து போகல்ல, நசுங்கித்தான் ஈக்கிது. மூணு மாசமோ ஆறு மாசமோ, மெதுவா சரியாகும். அது வரைக்கும் முழங்கால் நெனச்ச நேரம் மடங்கும்.”

“யார் நெனச்ச நேரம்?”

“அது நெனச்ச நேரம்.”

“அப்படீன்னா நான் விழுந்தது நரம்பாலதான்னு ஒரு கடுதாசி எழுதி, முத்திரை குத்திக் குடும்மா,” என்றேன்.

“விழுந்ததுக்கு சேர்ட்டிபிகேட் குடுக்குற இல்ல ஐயா. எழும்பி நடங்க, அதுக்கு வேணும்னா தாறன்.”

பின்னேரம் பரிமளம் வந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தன. “இப்பவாவது உங்களுக்கு அந்த மனசு வந்துச்சே,” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் கொக்கி, நரம்பு, சுத்தியல் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். அவள் கையை விட்டாள். எழுந்துபோய்க் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்து மூடிவிட்டு வந்தாள்.

“வாய மூடுங்க. அன்னம் அங்க தையலப் பிடிச்சுக்கிட்டு அழுறா, சிரிக்கிறா. எங்கண்ணே எறங்கி வந்துட்டாருன்னு நர்ஸுங்க எல்லாத்துக்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்கா. வயித்தக் கிழிச்சுக் குடுத்துட்டுப் படுத்திருக்கிற பொம்பளகிட்டப் போயி, அது நரம்பும்மான்னு சொல்லப் போறீங்களா? சொல்லுங்க பாப்போம்!”

நான் சொல்லவில்லை. சொல்லாதது நல்ல மனசால் என்று நினைத்துவிடாதீர்கள். செலவில்லாமல் கிடைத்த நல்ல பெயர், இருந்துவிட்டுப் போகட்டும் என்றும் ஒரு பக்கம் தோன்றியது.

வீட்டுக்கு வந்தோம். முழங்காலுக்குக் கைரியா ஒரு பட்டை கொடுத்திருந்தாள். அதை இடுப்பில் கட்டும் சாரத்துக்கு மேலே, தெருவே பார்க்கும்படி கட்டுவேன் என்று நான் நின்றேன். பரிமளம் விடவில்லை. பட்டை உள்ளே, சாரம் வெளியே. ஆகவே பார்க்கிறவர்களுக்கு நான் முழு சுகத்தோடு இருந்துகொண்டு மனம் திருந்தி விழுகிற ஆளாகவே தெரிந்தேன்.

மூன்றாம் மாதம் முதல்முதலாகக் கடைக்குப் போனேன். பின்தெருப் பலசரக்குக்கடை செல்லப்பாவுக்கும் எனக்கும் ஒரு கூரைப் பீலித் தண்ணீர் விவகாரம். என் கூரைத் தண்ணீர் அவர் பின்சுவரில் விழுகிறதாம். இரண்டு வருஷமாக மத்தியஸ்த சபையில் இழுபடுகிறது. அன்று நான் படியிறங்குகிறேன், அவர் படியேறுகிறார். சுகம் விசாரிக்கவா சண்டைக்கா என்று தெரியவில்லை. கேட்க வாயெடுத்தேன். பட்டை நழுவியது, முழங்கால் மடங்கியது. சந்தை நேரம், தெரு நிறைய ஆட்கள், நடுவில் செல்லப்பாவின் செருப்பு, அதன் மேல் என் நெற்றி.

“அட சேது! எந்திரிய்யா! என்னா மனுசன்யா நீ! தண்ணி எங்க செவுத்துலயே விழட்டும் போ!” என்று அவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அடுத்த கிழமையே முறைப்பாட்டை வாபஸ் வாங்கிவிட்டார். இரண்டு வருஷம் நான் தொண்டை வற்றக் கத்திக் கிடைக்காதது அது. சந்தோஷப்பட்டேனா என்றால், பட்டேன். பொய் சொல்லக் கூடாது.

மர்சூக் தெருவுக்கே விளக்கம் சொன்னார். “தங்கச்சிட கிட்னி உள்ளுக்குப் போனதோட அந்தப் புள்ளேட கொணமும் போயீக்கிது. ஒரு கிட்னிக்கே இவளவு பணிவு. ரெண்டாவதையும் வெச்சா மனுசன் அவுலியாதான், பெரிய மகான்தான்!”

“மர்சூக் நானா, அது நரம்பு,” என்று பல்லைக் கடித்தேன்.

“என்னத்துக்கு சேதண்ணே மறைக்கிற? நல்ல காரியத்த வெக்கப்படாமச் செல்லுங்க,” என்றார். இந்த மனிதரை என்ன செய்வது?

ஆறாம் மாதம் கைரியா சுத்தியலால் தட்டினாள். வலது கால் துள்ளி உதைத்தது. ஏணிப்படி ஏறச் சொன்னாள், ஏறினேன். இறங்கச் சொன்னாள், இறங்கினேன். பட்டை வேண்டாம் என்றாள். வீட்டுக்கு வந்து சேர்ந்தால் தனபாலனின் டெலிபோன்.

“மச்சான், பாப்பாவுக்குக் காது குத்த நாள் பாத்துட்டோம். அன்னம் ஆறு வருசமா இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தா. உங்க மடி வேணும்.”

வருகிறேன் என்றேன். அதற்குப் பிறகு மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. செல்லப்பாவிடம் பீலி விவகாரத்தில் ஜெயித்தது வேறு. ஆறு வருஷம் காதை மூளியாக வைத்துக் காத்திருந்தவளின் பிள்ளையை, ஒரு நசுங்கிய நரம்பின் தயவில் என் மடியில் வாங்குவது வேறு. அந்த மடி அன்னம் நினைக்கிற அண்ணனுடைய மடி. அந்த ஆள் நான் இல்லை. இதைப் பரிமளத்திடம் சொன்னால் மறுபடியும் திரையை இழுத்து மூடுவாள் என்று சொல்லாமல் இருந்தேன்.

மர்சூக்கின் வேனில் பேராதனை வழியாகக் கலஹாவுக்குப் போய்ச் சேர்ந்தோம். பள்ளிக்கூடத்தை ஒட்டிய வாத்தியார் குவாட்டர்ஸ். முற்றம் நிறையத் தனபாலனின் சொந்தக்காரர்கள். நான் இறங்கியதும் வழிவிட்டு விலகினார்கள். வாங்க வாங்க என்று எத்தனை குரல்! அன்னம் பின்கட்டில் தாம்பாளத்தில் பழம் அடுக்கிக்கொண்டிருந்தாள். கிட்னி வைத்ததிலிருந்து வெளியே போனால் போடுகிற மாஸ்க்கைச் சரிசெய்துகொண்டு அவளிடம் போனேன்.

“அன்னம், ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லுங்கண்ணே. கைதான் வேலையா இருக்கு, காது சும்மாதான் இருக்கு.”

சொன்னேன். கொக்கியில் தொடங்கி, பட்டை வரைக்கும் ஒன்றையும் விடாமல் சொன்னேன். தாம்பாளத்தின் மேல் அவள் கை அப்படியே நின்றுபோயிற்று.

“அப்ப அன்னைக்கு அவரு கால்ல விழுந்தது நீங்க இல்ல.”

“நான் இல்ல. நரம்பு.”

“இந்தப் பத்து வருசத்துல நீங்க எங்களுக்குச் செஞ்ச ஒரே நல்ல காரியம்னு அதத்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். அதயும் ஆஸ்பத்திரிக்காரங்கதான் செஞ்சாங்களா?”

தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

“ஏண்ணே இன்னைக்குப் பாத்து சொன்னீங்க? நாளைக்குச் சொல்லியிருக்கக் கூடாதா?”

“நாளைக்குச் சொன்னா உன் பிள்ளைய ஏமாத்தி மடியில வச்சதா ஆயிரும்மா.”

அவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். “சரி, போயி உக்காருங்க. நல்ல நேரம் போகுது. மடியாவது உங்களோடதுதானே?” என்றாள். அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

கூடத்தில் பாய் விரித்திருந்தார்கள். அன்னம் புருஷனைக் கூப்பிட்டு வாசல் ஓரமாக என்னவோ சொல்வதைப் பார்த்தேன். தனபாலன் என்னைத் திரும்பிப் பார்த்தான். முடிந்தது கதை, வெளியே போ என்பான் என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். அவன் உள்ளே போய் ஒரு தலையணையோடு வந்தான். “அந்தக் காலுக்கு அடியில இத வச்சுக்கங்க மச்சான். சம்மணம் போட்டு உக்காந்தா வலிக்கும்,” என்று அவனே குனிந்து என் முழங்காலைத் தூக்கி வைத்தான். கடை வாசலில் நான் எவ்வளவு பேச்சுப் பேசி அனுப்பிய ஆள்!

பிள்ளையைக் கொண்டுவந்து மடியில் வைத்தார்கள். பட்டுப்பாவாடை, இரண்டு சடை, அம்மாவின் அதே நெற்றி. கழுத்தை வளைத்து என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“எங்கம்மாவோட கிட்னிய வச்சிருக்கிற மாமா நீங்கதானா?”

“ஆமாம்மா.”

“திருப்பிக் குடுப்பீங்களா?”

“முடியாதே தங்கம்.”

“அப்ப பத்திரமா வச்சுக்கங்க,” என்று சொல்லிவிட்டு ஆசாரியின் கையைப் பார்த்தாள். பார்த்ததும் வீடு இடிகிற மாதிரி ஓர் அலறல். இரண்டு காதும் குத்தி முடிவதற்குள் அவள் என் தொடையை உதைத்த உதையில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வலியா வேறெதுவுமா என்று என்னைக் கேட்காதீர்கள். வாயில் ஒரு டொபியைப் போட்டு, காதில் தோடு மின்ன அவளைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்று, பரிமளத்தின் கையில் கொடுத்தேன்.

பிள்ளையின் தாயும் தகப்பனும் மாமன் காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்க வேண்டும். பெரியவர் ஒருவர் விழுங்க, விழுங்க என்று சத்தம் போட்டார். இருவரும் என் முன்னால் வந்து நின்றார்கள். தனபாலன் சிரித்த முகமாகத்தான் இருந்தான். அன்னத்தின் முகத்தில் ஒன்றுமே இல்லை. சபைக்காகச் செய்கிறாள். மெஷினில் படுத்துக்கொண்டு நான் முகத்தைத் திருப்பிய அன்றுகூட அவள் என்னை இப்படி யாரோ மாதிரி பார்த்ததில்லை. இன்று இவளை விட்டேன் என்றால் இனி எனக்குத் தங்கை கிடையாது என்று தெரிந்துபோயிற்று. அவள் குனிந்தாள். அவள் கை தரையைத் தொடுவதற்குள் நான் முந்திக்கொண்டேன். நெடுஞ்சாண்கிடையாக, அவர்கள் இரண்டு பேர் காலிலும் சேர்த்து விழுந்தேன்.

“ஐயையோ, நரம்பு!” என்று பரிமளம் கத்தினாள். வருஷக்கணக்காக மறைக்கலாம் என்று இருந்தவள், பதற்றத்தில் சபை முன்னால் அவளே போட்டு உடைத்துவிட்டாள்.

“பட்டை எங்க? பட்டையக் கொண்டு வரல்லயா?” என்று, நரம்புக் கதையை இதுவரை நம்பாத மர்சூக்கே குதித்தார். யாரோ தண்ணீர் என்றார்கள், யாரோ வேனை எடுங்கள் என்றார்கள். அன்னம் மண்டியிட்டு என் தோளைப் பிடித்தாள். “அண்ணே! வயித்துல அடிபட்டுச்சா? கால் மறுபடியும் போயிருச்சா?”

“கால் நல்லாத்தான் இருக்கு,” என்றேன். தரையில் வாய் உரச உரச, எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன். “நரம்பும் நல்லாத்தான் இருக்கு. இப்ப விழுந்தது நான். அன்னைக்குக் கடை வாசல்ல மாப்பிள்ளையப் பேசினது தப்பு. உன்னத் தனியா விட்டது அதவிடத் தப்பு. ரெண்டு பேரும் என்ன மன்னிக்கணும்.”

தனபாலன் அவசரமாகக் குனிந்து என் கையைப் பிடித்துத் தூக்கப் பார்த்தான். அன்னம் அவன் கையைத் தட்டிவிட்டாள்.

“தூக்காதீங்க,” என்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று குரலில் கண்டுபிடிக்க முடியவில்லை. “பத்து வருசம் காத்துக்கிட்டு இருந்தேன். இன்னும் கொஞ்ச நேரம் கெடக்கட்டும்.”

கிடந்தேன்.